பொருளும் எரிபொருளும்: எதனோல் கலப்பின் வரலாறும் தலவாக்கலையிலிருந்து எழும் ஒரு வினாவும்

1

எரிபொருளின் வரலாறு குறித்து எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை எண்ணெய்க் கிணறுகளையும் அவற்றின் பொருட்டு நிகழ்ந்த போர்களையும் பற்றியவை. எரிபொருளைத் தாங்கி நிற்கும் பொருள்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. தாங்கியும் குழாயும் காபுரேற்றரும் அடைப்பு வளையமும் எவற்றாற் செய்யப்பட்டன, எப்போது, எதன் பொருட்டு மாற்றப்பட்டன என்னும் அவ்வரலாறு பொறியியலாளருக்கே உரியதென ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. இவ்வாறு ஒதுக்குதல் பொருத்தமுடையதன்று. ஒரு திரவத்தை எந்த உலோகம் தாங்கும், எந்த இறப்பர் தாங்காது என்பதை இரசாயனம் தீர்மானிக்கின்றது. எந்தத் திரவம் புழக்கத்துக்கு வரவேண்டும், அது வரும்போது தாங்காத பொருளை மாற்றும் செலவை எவர் ஏற்கவேண்டும் என்பவற்றைச் சமூகமே தீர்மானிக்கின்றது. 'பொருத்தம்' என்பது தொழினுட்பச் சொல்லாக வழங்கினும் அதனுள்ளே ஓர் உற்பத்தி உறவு அடங்கிக் கிடக்கின்றது என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முனையும் கருத்தாகும்.

இலக்கிய ஆய்வைத் தொழிலாகக் கொண்ட நாம் இத்தகைய வினாவை எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். மலையக இலக்கியம் பற்றிய நமது ஆய்வுகள் கொழுந்தையும் மலையையும் லயத்தையும் கண்ட அளவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையைக் கண்டனவல்ல. ஆயின் தோட்டத்து மக்களோ தொழிற்சாலையை 'ஸ்டோர்' எனவும், அதிற் சுழலும் சக்கரத்தை 'ரோதை' எனவும் பெயரிட்டு வழங்கியதோடு, அவ்வியந்திரத்துக்குக் காவலாக 'ரோதமுனி' என்னும் தெய்வத்தையும் நிறுத்தி வழிபட்டனர். ரோதை என்னும் சொல் சிங்களத்தின் 'ரோதய' என்பதோடும், அதற்கும் முற்பட்ட போர்த்துக்கேயச் சொல்லோடும் உறவுடையது. இயந்திரத்தின் விசையையும் அது விளைக்கக்கூடிய ஊறினையும் நாள்தோறும் உடலால் அறிந்த ஒரு வர்க்கமே இத்தகைய தெய்வத்தைப் படைக்க முடியும். ஆகவே இயந்திரமும் அதன் எரிபொருளும் மலையகப் பண்பாட்டு வரலாற்றுக்குப் புறம்பானவை அல்ல.

எதனோலைப் பெற்றோலோடு கலக்கும் கொள்கை உலகின் பல நாடுகளில் விரைந்து பரவிவரும் இக்காலத்தில், தலவாக்கலை போன்ற ஒரு மலைநகரிலிருந்து அவ்வரலாற்றை நோக்குவது பயனுடையது. இலங்கையில் அத்தகைய கட்டாயக் கலப்பு இந்தியாவிற்போல நடைமுறைக்கு வரவில்லை. வருவதற்கு முன்னரே வினாவை எழுப்புதல் வரலாற்று ஆய்வின் கடமைகளுள் ஒன்றாகும்.

2

திரவத்துக்கும் அதனைத் தொடும் பொருளுக்கும் இடையிலான பொருத்தம் தலவாக்கலைக்குப் புதிய செய்தியன்று. 1869இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பிப் பயிர்ச்செய்கை அழிய, அதனிடத்தைத் தேயிலை கைப்பற்றியது. 1885இல் இருப்புப்பாதை நானுஓயா வரை நீண்டபோது தலவாக்கலையும் கொழும்புத் துறைமுகத்தோடு இணைக்கப்பட்டது. 1925இல் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், தலவாக்கலையின் சென் கூம்ஸ் தோட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து 1,382 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. மண், பயிர், பூச்சி ஆகியவற்றோடு தேயிலை பதனிடுதலும் அந்நிலையத்தின் ஆய்வுப் பொருளாகும்.

வாட்டிய கொழுந்தை உருட்டி அதன் சாற்றை வெளிக்கொணரும் றோலர் இயந்திரத்தை அறிந்தோர், அதன் மேசை பித்தளையால் ஆனதைக் கண்டிருப்பர். விலை குறைந்த இரும்பு இருக்கப் பித்தளை தெரிவுசெய்யப்பட்டமைக்குக் காரணம் இரசாயனமே. கொழுந்துச் சாற்றிலுள்ள பொலிபீனோல்கள் இரும்போடு சேருமிடத்துக் கருநிறச் சேர்வைகள் தோன்றும். பழங்கால எழுத்து மை பல நாடுகளில் இம்முறையிலேயே, தாவரத் துவர்ப்பொருளையும் இரும்புப்பையும் கலந்து செய்யப்பட்டது. எழுதுவோனுக்கு உதவிய அதே மாற்றம் தேயிலையிற் குற்றமாகிவிடும். நிறமும் சுவையும் கெட்டு ஏலத்தில் விலை வீழும். எனவே தேயிலை முதலாளி பித்தளைக்குச் செலவிட்டான். பிற்காலத்து இயந்திரங்களிற் கறையில்லா உருக்கு இடம்பெற்றது.

இதே காலத்தில் அக்கொழுந்தைப் பறித்தவர்கள் வாழ்ந்த லயன் காம்பராவை நோக்குவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என வழக்கமாகக் குறிக்கப்படும் அவ்வறைகளின் மேல் நாகம் பூசிய இரும்புத் தகரம் போடப்பட்டது. மழையும் புகையும் நாகப் பூச்சைத் தின்றபின் இரும்பு துருவேறி ஒழுகியது. ஓயாத மழைக்கும் மூடுபனிக்கும் எந்தக் கூரைப் பொருள் தாங்கும் என்னும் வினா, தேயிலைச் சாற்றுக்கு எந்த உலோகம் தாங்கும் என்னும் வினாவைப் போல விடாப்பிடியாக ஆராயப்படவில்லை. பண்டத்துக்கு ஊறு நேர்ந்தால் இலாபம் குறையும்; உழைப்போனுக்கு ஊறு நேர்ந்தால் கங்காணி வேறு ஆளைக் கொணர்வான். பொருள்களைத் தெரிவுசெய்யும் அறிவு இருந்தது. அவ்வறிவு எதன் பொருட்டுப் பயன்படுத்தப்பட்டது என்பதிலேதான் வர்க்கம் புலப்படுகின்றது.

ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலையை நட்ட 1867ஆம் ஆண்டிலேயே கார்ல் மார்க்சின் 'மூலதனம்' முதற் பாகமும் வெளிவந்தது. அந்நூல் இயந்திரத்தின் தேய்மானத்தை இரு வகைப்படுத்துகின்றது. உபயோகத்தாலும் துருவாலும் நேரும் பௌதிகத் தேய்வு ஒன்று. இயந்திரம் நன்னிலையில் இருக்கவே, அதனினும் சிறந்ததோ மலிவானதோ தோன்றுவதால் அதன் பெறுமதி குன்றுவது மற்றொன்று. பின்னையதைச் சமூகத் தேய்வு எனலாம். பெருமுதலாளி இத்தேய்மானத்தைக் கணக்கேட்டில் ஏற்றிப் பண்டத்தின் விலையிலே மீட்டுக்கொள்ள முனைவான். ஒற்றை இயந்திரத்தைக் கடனுக்கு வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவனுக்கு அத்தகைய கணக்கேடு இல்லை. இவ்வேறுபாட்டை மனங்கொண்டே இனி எதனோலின் வரலாற்றை நோக்கவேண்டும்.

3

எதனோல் என்பது கரும்புப் பாகின் கழிவிலிருந்தோ தானியத்திலிருந்தோ நொதித்தல் முறையாற் பெறப்படும் மதுசாரமாகும். பெற்றோல் நீரை ஏற்காத திரவம். எதனோலோ நீரோடு எவ்வளவிலும் கலக்கும் இயல்புடையது. காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். இவ்விரண்டும் கலந்த எரிபொருளில் நீர் ஓரளவு வரை கரைந்து நிற்கும். பத்து விழுக்காடு எதனோல் கொண்ட கலவை ஏறத்தாழ அரை விழுக்காடு நீரையே தாங்கும். குளிர் மிகுந்தால் அவ்வளவும் குறையும். எல்லை கடந்ததும் நீரும் எதனோலும் சேர்ந்து பிரிந்து தாங்கியின் அடியிற் படியும். இயந்திரம் முதலில் உறிஞ்சுவது அவ்வடிப்படிவையே. இயந்திரம் நின்றுவிடுவது ஒரு விளைவு. தாங்கியின் அடித்தகடு அரிக்கப்படுவது மற்றொன்று.

நீரைச் சுமக்கும் எதனோல், ஒட்சியேற்றத்தால் உண்டாகும் சிறிதளவு அசற்றிக் அமிலத்தையும் கரைந்த உப்புகளையும் உடன் சுமக்கின்றது. பெற்றோலைவிட அது மின்னை எளிதிற் கடத்துவதால், வேறுபட்ட உலோகங்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் அரிப்பு விரைவுறுகின்றது. ஈயமும் வெள்ளீயமும் பூசிய உருக்குத் தகட்டுத் தாங்கிகள், நாகக் கலப்புலோகத்தால் வார்த்த காபுரேற்றர்கள், மகனீசியம், காப்பற்ற அலுமினியம் ஆகியவை இதனால் ஊறுபடத்தக்கவை. கறையில்லா உருக்கு, நிக்கல் முலாமிட்ட உலோகம், உயரடர்த்திப் பொலிதீன் ஆகியவை தாங்கும்.

நெகிழ்பொருள்களின் நிலை மேலும் நுட்பமானது. இயற்கை இறப்பர் பெற்றோலில் ஊதிப் பருக்கும். தூய எதனோலில் அவ்வளவு ஊதுவதில்லை. பெற்றோலுக்கென 1930களில் ஜேர்மனியில் உருவாக்கப்பட்ட நைத்திரைல் இறப்பர் பெற்றோலைத் தாங்குவது. ஆனால் இரண்டும் கலந்தவிடத்து, பல நெகிழ்பொருள்கள் தூய பெற்றோலிலோ தூய எதனோலிலோ ஊதுவதிலும் மிகுதியாக ஊதுகின்றன. இடைப்பட்ட கலப்பளவுகளே மிகத் தொல்லை தருவன. தக்கையாற் செய்த அடைப்புகளும் பொலியூரித்தேனும் பழைய பசைகளும் இதற்கு ஆற்றா. 1957இல் சந்தைக்கு வந்த புளோரோகாபன் இறப்பர் இக்கலவையை நன்கு தாங்கும். அதன் விலையோ நைத்திரைலின் விலையைப் பல மடங்கு விஞ்சியது. இவற்றோடு, பழைய தாங்கியின் சுவரில் ஆண்டுக்கணக்காகப் படிந்த பிசினை எதனோல் கழுவிக் கொண்டுவந்து வடிகட்டியை அடைக்கும் என்பதும் கருதத்தக்கது.

எரிபொருட் குழாய் ஊதுவதும் வெடிப்பதும் சிறு குறைகள் அல்ல. சூடான இயந்திரத்தின் மேல் எரிபொருள் கசியுமாயின் அது தீவிபத்தாகும். ஆகவே பொருத்தம் என்னும் வினா பணத்தோடு உயிரையும் தொட்டு நிற்கின்றது.

4

எதனோல் இன்று சுற்றாடலின் நண்பனாக அறிமுகம் செய்யப்படுகின்றது. அதன் பழைய வரலாறு பலராலும் மறக்கப்பட்டது. 1920களின் தொடக்கத்திலேயே இயந்திரத்தின் தட்டலைத் தணிக்க எதனோல் உதவும் என்பது ஐக்கிய அமெரிக்கப் பொறியியலாளருக்குத் தெரிந்திருந்தது. ஆயினும் எவரும் வடித்துக்கொள்ளத்தக்க ஒரு பொருளுக்குக் காப்புரிமை பெற்று இலாபம் குவிக்க இயலாது. 1921இல் அதே பயனுக்காகக் கண்டறியப்பட்ட ஈயச் சேர்வை காப்புரிமைக்கு ஏற்றது. 1923இல் விற்பனைக்கு வந்தது. 1924 ஒக்டோபரில் நியூ ஜேர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் அச்சேர்வையைக் கையாண்ட தொழிலாளர் ஐவர் நஞ்சேறி மாண்டனர். அதன் பின்னரும் ஈயம் பல தசாப்தங்கள் எரிபொருளில் நிலைத்தது. இறுதியாக அதனைக் கைவிட்ட நாடு அல்ஜீரியா, ஆண்டு 2021. எரிபொருளில் எது கலக்கப்படும் என்பதை இரசாயனத் தகுதியோடு சொத்துரிமையும் தீர்மானித்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எதனோலுக்கும் இறப்பருக்கும் உள்ள உறவு இலங்கைக்கு நேரடியாகத் தொடர்புடையது. இறப்பர்த் தோட்டமற்ற சோவியத் ஒன்றியத்தில், விஞ்ஞானி செர்கேய் லெபெதெவ் மதுசாரத்திலிருந்து செயற்கை இறப்பரைப் பெறும் முறையை உருவாக்கினார். 1932இல் யாரொஸ்லாவலில் அதற்கான ஆலை இயங்கத் தொடங்கியது. உருளைக்கிழங்கும் தானியமும் மதுசாரமாகி, மதுசாரம் சக்கரத்து இறப்பராயிற்று. 1942இல் யப்பான் மலாயாவையும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியத் தீவுகளையும் கைப்பற்றியபோது, நேச நாடுகளுக்கு எஞ்சிய முதன்மையான இயற்கை இறப்பர் மூலமாக இலங்கை விளங்கிற்று. மரம் பட்டுப்போகும் அளவுக்குப் பால்வெட்டு நிகழ்ந்தது. ஐக்கிய அமெரிக்காவும் அதே காலத்தில் தானிய மதுசாரத்திலிருந்து செயற்கை இறப்பரைப் பெருமளவில் உற்பத்தி செய்தது. போர் முடிந்தபின் செயற்கை இறப்பர் நிலைபெற்றுவிட, இயற்கை இறப்பரின் விலை தளம்பியது. 1952இல் இலங்கை சீனத்தோடு இறப்பர் – அரிசி உடன்படிக்கை செய்துகொண்டமை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளத்தக்கது.

ஒரு திரவத்தின் எழுச்சி தொலைவிலுள்ள ஒரு தோட்டத்தின் வாழ்வைக் குலைக்க முடியும் என்பது இவ்வாறு இந்நாட்டில் ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டது.

5

எதனோலை மோட்டார் எரிபொருளாக நாடளாவிய நிலையில் ஏற்ற முதல் நாடுகளுள் பிரேசில் தலையாயது. இறக்குமதியாகும் பெற்றோலில் ஐந்து விழுக்காடு மதுசாரம் கலக்கவேண்டும் என 1931இல் அங்கு ஆணை பிறந்தது. உலகச் சந்தையில் விலைவீழ்ந்த சீனியின் உற்பத்தியாளர்களைக் காப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. 1973இன் எண்ணெய் விலையேற்றத்தைத் தொடர்ந்து, 1975 நவம்பரில் இராணுவ அரசு தேசிய மதுசாரத் திட்டத்தைத் தொடக்கியது. 1979இல் எதனோலில் மட்டுமே இயங்கும் பியற் 147 கார் விற்பனைக்கு வந்தது.

பொருள் மாற்றம் இங்கே எவ்வாறு நிகழ்ந்தது என்பதே நமக்கு முக்கியமானது. பெற்றோலுக்கென வார்க்கப்பட்ட நாகக் கலப்புலோகக் காபுரேற்றர்களை மதுசாரம் அரித்தது. உற்பத்தியாளர்கள் அவற்றுக்கு நிக்கல் முலாமிட்டனர். தாங்கியின் உட்பூச்சையும் இறப்பர் உறுப்புகளையும் மாற்றினர். புதிய வண்டிகளுக்கு அரசு கடனும் வரிச்சலுகையும் வழங்கியது. எனவே 1980களின் நடுப்பகுதியில் அங்கு விற்பனையான புதிய கார்களுட் பெரும்பாலானவை மதுசாரக் கார்களாக இருந்தன. அரசும் முதலீடும் முனையுமாயின் பொருத்தப் பிரச்சினை தீர்க்கத்தக்கதே என்பதை இது காட்டுகின்றது.

ஆனால் கரும்பு வெட்டியவர்களின் நிலை யாது? விடியுமுன் சமைத்த உணவை வயலில் ஆறியபடியே உண்ணும் நாட்கூலிகளை அந்நாட்டு மக்கள் 'ஆறிய சோற்றுக்காரர்' எனப் பொருள்படும் சொல்லாற் குறித்தனர். 1984 மே மாதம் சாவோ பவுலோ மாநிலத்தின் குவரிபாவில், ஒருவர் வெட்டவேண்டிய கரும்பு வரிசை ஐந்திலிருந்து ஏழாக உயர்த்தப்பட்டமையை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். காவற்படை ஏவப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் உயிரும் பறிபோயிற்று. நிறைகூட்டியும் நாட்கூலியைக் குறைத்தும் கொழுந்துக்குக் கணக்கெழுதும் முறையை அறிந்த மலையக வாசகருக்கு அவ்விரு வரிசைகளின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. காபுரேற்றர் அரிபடாமலிருக்க நிக்கல் கிடைத்தது. வெட்டுவோனின் உடல் அரிபடாமலிருக்கப் போராட்டமே வேண்டியிருந்தது.

1989இல் சீனி விலை ஏற, ஆலைகள் சீனியின் பக்கம் திரும்பின. எதனோல் நிலையங்களில் வரிசைகள் நீண்டன. எதனோலுக்கு மட்டுமே பொருத்தமான வண்டியை வாங்கியோர் கைவிடப்பட்டனர். 2003இல் எவ்விகிதக் கலவையிலும் இயங்கும் வண்டிகள் வந்தபின்னரே அந்நம்பிக்கை மீண்டது. தெரிவு செய்யும் உரிமையை ஓட்டுநரின் கையில் விடும் இயந்திரமே நிலைத்தது என்பது ஈண்டு குறித்துக்கொள்ளத்தக்கது.

6

இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் இந்திய ஆற்றல் மதுசாரச் சட்டம் எதனோற் கலப்புக்கு வழிவகுத்தது. பின்னர் அது பயனிழந்து 2000இல் நீக்கப்பட்டது. 2003இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் ஐந்து விழுக்காட்டுக் கலப்பு தொடங்கிற்று. 2022இல் அது பத்து விழுக்காட்டை எட்டியது. இருபது விழுக்காட்டுக்கு முதலில் 2030 இலக்காகக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னர் அது 2025க்கு முன்கொணரப்பட்டு, அவ்வாண்டிலேயே எட்டப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் உற்பத்தியான வண்டிகள் இருபது விழுக்காட்டைத் தாங்கும் பொருள்களாற் செய்யப்படவேண்டும் என விதிக்கப்பட்டது. அவ்விதிக்கு முன் செய்யப்பட்டு வீதியிலே ஓடிக்கொண்டிருந்த கோடிக்கணக்கான வண்டிகளுக்கு அவ்விதி எதனையும் வழங்கவில்லை.

எதனோலின் எரிவெப்பம், கனவளவு ஒப்பீட்டில், பெற்றோலின் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே. ஆதலால் இருபது விழுக்காட்டுக் கலவையின் ஒரு லீற்றரில் ஏழு விழுக்காடு வரை ஆற்றல் குறையும். தூய பெற்றோலுக்கென வடிவமைத்த நாற்சக்கர வண்டிகளில் ஆறு முதல் ஏழு விழுக்காடும், இருசக்கர வண்டிகளில் மூன்று முதல் நான்கு விழுக்காடும் எரிபொருட் சிக்கனம் குறையும் என 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்டவரைபே மதிப்பிட்டிருந்தது. 2025 ஓகஸ்டில், மக்களின் முறைப்பாடுகளுக்கு விடையளித்த பெற்றோலிய அமைச்சு, சில பழைய வண்டிகளில் இருபதினாயிரம் முதல் முப்பதினாயிரம் கிலோமீற்றர் ஓடியபின் இறப்பர் உறுப்புகள் சிலவற்றை மாற்றவேண்டி வரலாம் எனவும், அது மலிவான மாற்றமே எனவும் கூறியது. கலப்பற்ற பெற்றோலையும் தெரிவாக வழங்கக் கோரிய பொதுநல மனுவை 2025 செப்ரெம்பர் 1ஆம் திகதி உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

'மலிவான மாற்றம்' என்னும் தொடரை ஆராய்தல் வேண்டும். யாருக்கு மலிவு? தனியார் காரை வார இறுதியில் ஓட்டுவோர் முப்பதினாயிரம் கிலோமீற்றரைக் கடக்கப் பல ஆண்டுகள் ஆகும். நாளுக்கு நூறு கிலோமீற்றர் ஓடிப் பிழைக்கும் முச்சக்கர வண்டி அவ்வெல்லையை ஓராண்டுக்குள் தொட்டுவிடும். மார்க்ஸ் கூறிய இருவகைத் தேய்மானங்களும் இங்கே ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அரசு எரிபொருளை மாற்றும்போது பழைய வண்டி சமூக அளவிற் பழமையாக்கப்படுகின்றது. அச்சமூகப் பழமை குழாயின் ஊதலாகவும் தகட்டின் அரிப்பாகவும் பௌதிக உருவம் பெறுகின்றது. தேய்வு வண்டியில் நிகழ்கின்றது. அதன் காரணம் கொள்கையில் இருக்கின்றது. ஆனால் பட்டியல் உரிமையாளனிடமே நீட்டப்படுகின்றது.

எண்ணெய் இறக்குமதியைக் குறைத்தல், கரும்பு விவசாயிக்கு விலை கிடைக்கச் செய்தல் ஆகிய நோக்கங்கள் தம்மளவிற் குறைகூறத்தக்கன அல்ல. அந்நியச் செலாவணிக்காகத் தவிக்கும் நாடுகளில் அவை முற்போக்கான நோக்கங்களாகவும் அமையலாம். அவற்றின் பயன் தேசத்துக்கு எனவும், அவற்றின் செலவு பழைய வண்டிக்காரனுக்கு எனவும் பிரிக்கப்படுவதையே நாம் மறுக்கின்றோம்.

7

இனித் தலவாக்கலைக்கு மீள்வோம். ஆற்றல் வளம் இவ்வூரில் விளைவதும், அதன் பயன் பெரும்பாலும் வேறிடம் செல்வதும் புதியவை அல்ல. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவாற் மின்வலு கொண்டது. அதற்கான நீர் தலவாக்கலையிலேயே தேக்கப்படுகின்றது. எரிபொருளைப் பொறுத்தவரை இவ்வூர் முற்றிலும் பிறரை நம்பியது. நகரிலிருந்து தோட்டப் பிரிவுகளுக்கு ஏறும் ஒடுங்கிய வீதிகளில் முச்சக்கர வண்டியே பேருந்து. நோயாளியை ஏற்றிச் செல்வதும், பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுசெல்வதும், அரிசி மூடையைச் சுமப்பதும் அதுவே. அவ்வண்டிகள் பெரும்பாலும் இந்தியாவிற் செய்யப்பட்டவை. அவற்றின் காபுரேற்றர்களே இம்மலைகளில் ஏறுகின்றன. தோட்ட வேலையை விட்டு வெளியேறிய இளைஞர் பலர் தவணைக் கடனில் அவற்றை வாங்கியுள்ளனர். 2022இன் நெருக்கடியில் கியூஆர் முறை தொடங்கப்பட்டபோது முச்சக்கர வண்டிக்கு வாரம் ஐந்து லீற்றரே ஒதுக்கப்பட்டது. ஐந்து லீற்றரில் ஒரு குடும்பத்தை நடத்துதல் எத்தகையது என்பதை மலைநாடு அறியும்.

இத்தகைய ஊருக்கு எதனோற் கலவை வருமாயின் நிகழத்தக்கவற்றை முன்னுரைக்கலாம். மூடுபனியும், பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடும் அரைகுறையாக நிரம்பிய தாங்கியினுள் ஈரத்தை ஊட்டும். குளிர் கலவையின் நீர்தாங்கும் ஆற்றலைக் குறைக்கும். ஏற்றத்தில் ஏறும் வண்டிக்கு ஏழு விழுக்காடு ஆற்றற் குறைவு சமவெளியிலும் மிகுதியாக உணரப்படும். வண்டிகள் பழையவையாதலால் குழாய்களும் அடைப்பு வளையங்களும் ஏற்கெனவே இறுகி வெடித்தவை. ஆகவே பொருத்தமின்மையின் முழுச் சுமையும் எங்கே வந்து விழும் என்பதில் ஐயமில்லை.

இலங்கையின் சீனித் தேவையிற் பெரும் பகுதி இறக்குமதியாலேயே நிறைவேறுகின்றது. பெல்வத்தை, செவனகலை ஆலைகளின் பாகுக் கழிவிலிருந்து வடிக்கப்படும் எதனோல் மதுபான உற்பத்திக்குச் செல்கின்றது. அரசு வருமானத்தின் ஒரு பகுதியாக விளங்கும் அம்மதுபானத்தை வாங்கிக் குடிப்போருள் தோட்டத் தொழிலாளரும் அடங்குவர் என்பதும், சாராயக் கடை தோட்டப் பொருளாதாரத்தின் பழைய உறுப்பு என்பதும் யாவரும் அறிந்தவை. அதே திரவத்தை இயந்திரத்துக்கு மாற்றுவதனால் நன்மை விளையக்கூடும். அதற்கெனப் புதிய நிலம் கரும்புக்கு ஒதுக்கப்படுமாயின், அந்நிலம் எவருடையது, அதில் உழைப்பவர் எவர், குவரிபாவின் ஏழு வரிசைகள் இங்கும் மீளுமா என்னும் வினாக்களும் உடன் எழும்.

நமது ஆய்விலிருந்து பெறப்படும் நடைமுறை முடிவுகள் சில. முதலாவதாக, கலப்பு நடைமுறைப்படுமாயின் பழைய வண்டிகள் புழக்கத்தில் உள்ளவரை கலப்பற்ற பெற்றோலும் அதே நிலையங்களில் கிடைத்தல் வேண்டும். எரிபொருட் பம்பிற் கலப்பளவு தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக எழுதப்படல் வேண்டும். இரண்டாவதாக, நைத்திரைற் குழாய்களுக்குப் பதிலாக மதுசாரம் தாங்கும் குழாய்களையும் வளையங்களையும் மாற்றும் செலவைக் கலப்பினாற் பயன்பெறும் அரசும் இறக்குமதியாளரும் ஏற்கவேண்டும். மூன்றாவதாக, சோதனைகள் கொழும்பின் வெப்பத்தில், புதிய உறுப்புகளைக் கொண்டு மட்டும் நடத்தப்படலாகாது. பத்தாண்டு ஓடிய வண்டியிற் கழற்றிய உறுப்புகளைக் கொண்டு, மலைநாட்டுக் குளிரிலும் ஈரத்திலும் நடத்தப்படல் வேண்டும். நான்காவதாக, அச்சோதனைகளில் நகரத்துக் கராஜ்களில் உழைக்கும் திருத்துநர்கள் பங்குகொள்ள வேண்டும். எந்தக் குழாய் எத்தனை மாதத்திற் பருத்தது, எந்தத் தாங்கி எங்கே துருவேறியது என்பதை அவர்கள் கையாலேயே அறிவர்.

இவை மிகையான கோரிக்கைகள் அல்ல. தேயிலைச் சாறு இரும்பிற் பட்டுக் கறுக்காதிருக்கப் பித்தளை தேடிய சமூகம், தேயிலையை ஆராய 1925இலேயே ஒரு நிலையத்தை இம்மலைமீது நிறுவிய சமூகம், பொருளையும் திரவத்தையும் பொருத்திப் பார்க்கும் திறன் தனக்கில்லை எனக் கூற இயலாது. அன்று அத்திறன் ஏற்றுமதிப் பண்டத்துக்குக் காவலாக நின்றது. இனி அது உழைத்து வாழ்வோரின் வண்டிக்கும் உயிருக்கும் காவலாக நிற்குமா என்பதை ஆய்வுகூடம் மட்டும் தீர்மானிக்கப் போவதில்லை. அமைப்பாகத் திரண்ட மக்களின் குரலும் சேர்ந்தே தீர்மானிக்கும்.